மின்சாரத்திற்கும் ஒரு கடைமடை உண்டு

வாய்க்கால் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்னும் பேதம் எவ்வளவு பழையதோ, அதனால் எழும் வழக்கும் அவ்வளவு பழையது. தலைமடையில் உள்ளோர் மடையை வேண்டிய அளவுக்கு மேல் திறந்து வைத்தால் கடைமடையிற் பயிர் கருகும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும் அதே கதிதான். மின்சாரக் கம்பியிலும் இதற்கு ஒப்பான ஒரு கடைமடை உண்டு என்பதைக் கம்பியின் கோடியில் பம்பு செட்டு வைத்திருக்கும் விவசாயிகள் தம் அனுபவத்தில் நன்கு அறிவார்கள். டிரான்ஸ்பார்மரை அடுத்த கிணற்றில் மோட்டார் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும் அதே வேளையில், அரை மைல் தள்ளியுள்ள கிணற்றில் மோட்டார் உறுமி நிற்கும். ஓடினாலும் தண்ணீர் குறைந்து வரும். சில நாட்களிற் சுருள் கருகிப் பட்டறைக்குப் போய்ச் சேரும். மின்சார உற்பத்தியைப் பெருக்கிவிட்டால் இக்குறை தீர்ந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. உற்பத்தி எவ்வளவு பெருகினும், கம்பியில் மின்சாரம் செல்லும் வழியை ஒழுங்கு செய்து, வழியில் அதன் அழுத்தம் குன்றாமற் காக்கும் ஏற்பாடு இல்லாவிடில் கடைமடை கடைமடையாகவே இருக்கும். அவ்வேற்பாட்டில் மின்வாரியத்திற்கு ஒரு பங்கு உண்டு. மோட்டார் வைத்திருப்போருக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்விரண்டாவது பங்கு இதுகாறும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் வருஷத்தில் வேலை செய்யத் தொடங்கியது. மேட்டூர் நிலையம் 1937 ஆம் வருஷத்திலும், பாபநாசம் நிலையம் 1944 ஆம் வருஷத்திலும் அதனைப் பின்தொடர்ந்தன. கோயமுத்தூர்ப் பிரதேசத்தின் ஆழ்ந்த கிணறுகளில் கவலை ஏற்றம் ஓய்ந்து மோட்டாரின் ஓசை எழுந்தது இவ்வாறுதான். அக்காலத்தில் ஒவ்வொரு மின்நிலையமும் தனக்கென ஓர் எல்லையை உடையதாயிருந்தது. பின்னர் அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன, மாகாணங்கள் பிணைக்கப்பட்டன. இறுதியாக, 2013 ஆம் வருஷம் டிசம்பர் 31 ஆம் தேதி ராய்ச்சூருக்கும் ஷோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு வட இந்தியத் தொகுப்புடன் இணைந்து, தேசம் முழுவதும் ஒரே தாளத்தில் இயங்கும் மின்தொகுப்பு உண்டாயிற்று. இன்று ஒரு கிராமத்தின் கிணற்றுமேட்டில் ஓடும் மோட்டாரும், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அனல்மின் நிலையமும் ஒரே ஏரியில் இறங்கிய இரு கால்வாய்களைப் போன்றவை. ஓரிடத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு மற்றோரிடத்தைத் தொடாமல் இராது.

மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாருக்கு என்ன நேருகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். கிணற்றுப் பம்புகளிற் பெரும்பாலும் உள்ள இண்டக்ஷன் மோட்டாரின் சுழற்றும் வலிமை, அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட்டுக்கு அமைந்த மோட்டாருக்கு அதில் 80 சதவிகிதமாகிய 332 வோல்ட் மட்டும் கிடைத்தால், அதன் வலிமை 64 சதவிகிதமாகக் குன்றிவிடும். பம்போ தான் தூக்கவேண்டிய தண்ணீரைத் தூக்கியே ஆகவேண்டும். ஆகவே மோட்டார் குறைந்த அழுத்தத்தை ஈடுசெய்யக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மின்னோட்டம் மிகுந்தால், சுருளில் எழும் உஷ்ணம் ஒன்றரைப் பங்குக்கு மேலாகும். கூடுதலான இம்மின்னோட்டம் சுருளைச் சுடுவதோடு நிற்பதில்லை. கம்பியிலும் மிகுதியாக அழுத்தத்தை இழக்கச் செய்து, அடுத்த கிணற்றுக்காரரின் அழுத்தத்தையும் தாழ்த்துகிறது. அவருடைய மோட்டாரும் மேலும் இழுக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று தள்ளும் சங்கிலியே கோடைகாலத்தில் ஒரு கம்பியின் கோடி முழுவதையும் செயலற்றதாக்குகிறது. 1956 ஆம் வருஷத்திய இந்திய மின்சார விதிகள் தாழ்ந்த அழுத்தக் கம்பிகளில் ஏற்றமும் தாழ்வும் 6 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என வகுத்தன. அதாவது 415 வோல்ட் என்றால், ஏறக்குறைய 390 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குதல் கூடாது. கடைமடைக் கிணறுகளில் இவ்வெல்லை எத்தனை நாள் காக்கப்படுகிறது என்பதை அவ்வக்கிராமத்தாரே கூறவல்லார்.

இனி, அழுத்தம் குறைவதன் காரணத்தை ஆராய்வோமாயின், கம்பியின் நீளமும் பருமனும் ஒரு புறமிருக்க, மற்றொரு காரணம் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. கவலை ஏற்றத்தில் மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வருகிறது. அவை பின்னடைந்து மேலேறும்போது தண்ணீர் வருவதில்லை. ஆயினும் அந்தப் பின்னடை இல்லாமல் அடுத்த சால் இல்லை. மோட்டாரிலும் இதைப் போன்றதொரு பகுதி உண்டு. தண்ணீரைத் தூக்கும் மின்சாரம் ஒன்று. மோட்டாரின் இரும்பிற் காந்தத்தை எழுப்புதற்காக ஒவ்வொரு நொடியும் பலமுறை கம்பி வழியே சென்று திரும்பும் மின்சாரம் மற்றொன்று. இரண்டாவதை ரியாக்டிவ் பவர் என இஞ்சினீயர்கள் கூறுவர். இது தண்ணீரைத் தூக்குவதில்லை. மீட்டரில் யூனிட்டாகவும் ஏறுவதில்லை. ஆனால் கம்பியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அழுத்தத்தைத் தின்கிறது. மாடுகள் பின்னடைவதற்கு ஊர்ப் பொதுவழியை உபயோகித்தால் வழிப்போக்கருக்கு என்ன இடைஞ்சலோ, அதே இடைஞ்சல் இதனால் கம்பிக்கு உண்டாகிறது.

இவ்விடைஞ்சலை நீக்கும் கருவி கண்டென்சர் என்றும் கபாசிட்டர் என்றும் வழங்கும் மின்தேக்கியாகும். மோட்டாரின் அருகிலேயே இதைப் பொருத்திவிட்டால், காந்தத்திற்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி மோட்டாருக்கும் கண்டென்சருக்கும் இடையே மட்டும் சென்று திரும்பும். நெடுந்தூரக் கம்பியில் நடமாடாது. ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 5 குதிரைசக்தி மோட்டார் ஒன்று 80 சதவிகிதத் திறமையும் 0.75 பவர் பாக்டரும் உடையது எனக் கொண்டால், அது வாங்கும் மின்சக்தி சுமார் 4.7 கிலோவாட், கம்பியின் மேல் அது ஏற்றும் பாரமோ சுமார் 6.2 கே.வி.ஏ. ஆகும். அதனருகில் 2 கிலோவார் கண்டென்சரைச் சேர்த்தால் பவர் பாக்டர் 0.91 ஆக உயர்ந்து, பாரம் 5.1 கே.வி.ஏ. ஆகத் தாழும். மின்னோட்டம் 8.6 ஆம்பியரிலிருந்து 7.1 ஆம்பியராகக் குறையும். கம்பியில் உஷ்ணமாக வீணாகும் சக்தி மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று கண்டென்சர் இல்லாத இத்தகைய மோட்டார்கள் 16-ஐத் தாங்கும். கண்டென்சர் உள்ளவை 19-ஐத் தாங்கும். புதிதாக ஒரு கம்பமும் நடாமல், ஒரு முழக் கம்பியும் இழுக்காமல் மூன்று கிணறுகளுக்கு இடம் கிடைக்கிறது.

சிறு கம்பியில் எது உண்மையோ அதுவே பெருங் கம்பியிலும் உண்மை. நெடுந்தூர மின்வழியில் பகலிற் பாரம் மிகும்போது அழுத்தம் தாழ்கிறது. நள்ளிரவிற் பாரம் குறையும்போது, மடையடைத்த வாய்க்காலில் நீர் மட்டம் ஏறுவதுபோல, வழியின் கோடியில் அழுத்தம் வேண்டிய அளவுக்கு மேல் ஏறுகிறது. ஏறும்போது அடக்குதற்கு ரியாக்டர்களும், தாழும்போது தாங்குதற்குக் கண்டென்சர்களும் துணைநிலையங்களில் வைக்கப்படுகின்றன. நொடிக்கு நொடி இரண்டையும் செய்யவல்ல ஸ்டாட்காம் என்னும் கருவிகள் உடுமலைப்பேட்டை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களின் பெரிய துணைநிலையங்களில் அமைக்கப்பட்டுள்ளன. முப்பந்தல் கணவாயிலும் பிற இடங்களிலும் உள்ள காற்றாலைகளிற் பழையவை, தாம் மின்சக்தியைத் தரும்போதே காந்தத்திற்கான மின்சாரத்தைக் கம்பியிலிருந்து வாங்குகின்றன. காற்றோ நினைத்தபோது அடித்து, நினைத்தபோது ஓயும். ஆதலின் இத்தகைய விரைந்த கருவிகள் தமிழ்நாட்டிற்கு மிகவும் வேண்டியவை.

அழுத்தத்தைப் போலவே ஓட்டத்தையும் ஆளவேண்டியிருக்கிறது. இரு வழிகள் இணையாகச் சென்றால், மின்சாரம் இஞ்சினீயர் விரும்பும் வழியிற் செல்லாது. தடை குறைந்த வழியில் மிகுதியாகவும் மற்றதில் குறைவாகவும் செல்லும். ஒரு வழி அளவுக்கு மிஞ்சிச் சுமக்க, மற்றொன்று பாதி சும்மா கிடக்கும். மாறுமின்னோட்டக் கம்பிக்கு இயல்பாக மடைப்பலகை கிடையாது என்பதே இதன் பொருள். அப்பலகையை உண்டாக்கும் முறையை இந்தியாவிற் பயின்று அமெரிக்காவிற் பணியாற்றிய இஞ்சினீயர் நரேன் ஹிங்கொராணி முதலியோர் 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வகுத்தனர். அம்முறையில், அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே ஆளும் கருவியொன்று 1998 ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து இனெஸ் துணைநிலையத்தில் வேலை செய்யத் தொடங்கியது. நேர்மின்னோட்ட வழிகள் இன்னும் ஒரு படி மேற்பட்டவை. அவற்றில் இவ்வளவு சக்தி இத்திசையில் என்று குறித்து அனுப்பலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் வழி 6,000 மெகாவாட்டைச் சுமக்க வல்லது. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் வழி 2021 ஆம் வருஷத்திற் தொடங்கி வைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் இஞ்சினீயர்களின் விஷயம் என்று விவசாயிகள் ஒதுக்கிவிடலாகாது. 2012 ஆம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் நேர்ந்ததை நினைவிற் கொள்ளவேண்டும். குவாலியருக்கும் பீனாவுக்கும் இடையேயுள்ள 400 கிலோவோல்ட் வழியில் பாரம் மிகுந்து அழுத்தம் தாழ்ந்தது. அறுந்ததும் இல்லை, மரம் விழுந்ததும் இல்லை. மிகுந்த ஓட்டத்தையும் தாழ்ந்த அழுத்தத்தையும் கண்ட காவற்கருவி, பழுது நேர்ந்ததாகக் கருதி வழியைத் துண்டித்தது. அதன் பாரம் மற்ற வழிகளின் மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாக விலக, இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பிரதேசம் இருளில் ஆழ்ந்தது. மாகாணங்கள் பல தமக்கென வகுத்த அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தமை இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. தலைமடையில் மிகையாக எடுத்தோரால் கால்வாயே உடைந்தது என்று கூறினும் பொருந்தும். தென்னிந்தியத் தொகுப்பு அன்று அதனுடன் ஒரே தாளத்தில் இணைந்திராமையால் தப்பியது. இன்று அது இணைந்திருக்கிறது.

நிலமுடையோருக்கு இதில் மற்றொரு விதத்திலும் நேரான சம்பந்தம் உண்டு. பெருங் கம்பிகளின் கோபுரங்கள் நிற்பது வயலிலே. கொங்குநாட்டு விவசாயிகள் தங்கள் தோட்டங்களில் உயர்மின் கோபுரங்கள் எழுவதை எதிர்த்து முறையிட்டதும் போராடியதும் யாவரும் அறிந்தவை. கோபுரத்தின் காலடி நிலமும், கம்பியின் கீழ் தென்னை வளர்க்கமுடியாமற்போகும் நிலமும் ஒரு குடும்பத்திற்கு என்றென்றைக்கும் நஷ்டமே. தேசத்திற்கு மின்சாரம் வேண்டும் என்பதால் புதிய வழிகளை அறவே வேண்டாமென்று கூறுவதற்கில்லை. கம்பி தாங்கக்கூடிய உஷ்ணத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை எட்டிய வழிக்குத் துணை வழி அமைத்தே ஆகவேண்டும். ஆனால் அவ்வெல்லையை எட்டுதற்கு முன்பே அழுத்தத் தாழ்வினாலோ ஓட்டம் ஒழுங்கற்றதாலோ பாதி உபயோகத்தில் நிற்கும் வழி இருக்க, அதை முழு உபயோகத்திற்குக் கொண்டுவராமல் பக்கத்து வயலில் புதிய கோபுரம் எழுப்புதல் நியாயமன்று. புதிய வழிக்காக நிலம் கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும், பழைய வழியில் இக்கருவிகளைப் பொருத்தினால் எவ்வளவு கூடுதலாக அனுப்பலாம் என்னும் கணக்கு நில உடைமையாளர் முன் வைக்கப்படவேண்டும். இதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

உரிமையைக் கேட்போர் கடமையையும் ஏற்கவேண்டும். 3 குதிரைசக்தியும் அதற்கு மேற்பட்டதுமான மோட்டார்களுக்குக் கண்டென்சர் பொருத்துதல் மின்சார இணைப்பின் நிபந்தனைகளுள் ஒன்று. இணைப்புப் பெறும் நாளில் அதைப் பொருத்திக் காட்டுவோர் பலர். அது பழுதான பின் மாற்றுவோர் சிலரே. காரணம் வெளிப்படை. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 ஆம் வருஷம் முதல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது; ஆகவே கண்டென்சர் வைப்பதனால் மின்கட்டணம் மிச்சப்படுவதில்லை. மேலும் ஒருவர் மட்டும் வைத்தால் கம்பியின் அழுத்தம் சிறிதே உயரும். அப்பயனும் ஊராருக்கெல்லாம் பங்காகப் போய்விடும். தன் கைப்பணத்தைச் செலவிட்டுப் பிறர் மோட்டாரைக் காக்க எவர் முன்வருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வாய்க்கால் தூர் வாருவதிலும் இதே கேள்வி உண்டு. ஒருவர் தம் வயலுக்கு எதிரே மட்டும் வாரினால் தண்ணீர் வந்துவிடாது. அதனாலன்றோ முன்னோர் குடிமராமத்து என்னும் வழக்கத்தை ஏற்படுத்தி, அனைவரும் ஒரே நாளில் மண்வெட்டியுடன் வரவேண்டும் என வகுத்தனர். கண்டென்சரும் குடிமராமத்தைப் போன்றதே. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தோர் அனைவரும் ஒருங்கே செய்தால் அனைவருக்கும் பலன். தனித்தனியே விட்டால் எவருக்கும் இல்லை. கட்டணம் மிச்சமில்லை என்பது மெய்யாயினும், சுருள் கட்டும் செலவும், மோட்டார் பட்டறையிற் கிடக்கும் நாட்களில் வாடும் பயிரும் விவசாயியின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

கண்டென்சரால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே போவதால் 5 குதிரைசக்திக்கு அனுமதி பெற்ற இடத்தில் 10 குதிரைசக்தி மோட்டாரை இறக்குவோர் உண்டு. அது இன்னொருவர் பங்கை எடுத்துக்கொள்வதேயாகும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் வேறொரு கண்டென்சரின் துணையால் இரண்டு முனைகளில் மோட்டாரை ஓட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது. இது பாரத்தை ஒருபுறமாகச் சாய்த்து, வீட்டு விளக்குகளையும் மங்கச்செய்து, டிரான்ஸ்பார்மரையே கருக்கவல்லது. பவர் பாக்டரை உயர்த்தும் கண்டென்சர் வேறு, இவ்வாறு ஓட்டுதற்கு வைக்கும் கண்டென்சர் வேறு என்பதை மறவாதிருத்தல் நலம். மின்சாரம் திரும்ப வந்தவுடன் தானே மோட்டாரை ஓடச்செய்யும் கருவிகளும் இத்தகைய தொல்லையே. ஓடத் தொடங்கும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; ஊரிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியிற் தொடங்கினால் எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்? ஒவ்வொரு கிணற்றுக்காரரும் சில நிமிஷங்கள் முன்பின்னாகத் தொடங்குமாறு காலக்கருவியை வைத்துக்கொள்ளுதல் செலவில்லாத பரிகாரமாகும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. கிராம அதிகாரிகள் தம் எல்லையிலுள்ள ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரையும் சேர்ந்த மோட்டார்கள், அவற்றின் உண்மையான குதிரைசக்தி, கண்டென்சரின் நிலை ஆகியவற்றைக் காட்டும் ஒரு ஜாபிதாவை மின்வாரிய உத்தியோகஸ்தருடன் சேர்ந்து கோடைக்கு முன்பாகத் தயாரித்தல் வேண்டும். அதிகமான குதிரைசக்தியை மறைத்து வைத்திருப்போர் அஞ்சாமற் கூறுதற்கு, முதன்முறை கூறுவோர் மேல் நடவடிக்கை இல்லை என்னும் உறுதி வேண்டும். உண்மையான பாரம் தெரியாமல் எந்த இஞ்சினீயரும் அழுத்தத்தைச் சீர்ப்படுத்த இயலாது. தக்க அளவுள்ள கண்டென்சர்களைக் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக வாங்கி, ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த அனைவருக்கும் ஒருங்கே பொருத்தவும், பழுதானவற்றை வருஷத்திற்கு ஒருமுறை மாற்றவும் ஏற்பாடு செய்யலாம். அதற்கான செலவை விவசாயி மேல் மட்டும் சுமத்துதல் தகாது. மிச்சமாகும் மின்சக்தி மின்வாரியத்திற்கே போய்ச் சேருவதால் அவ்வாரியம் பாதியேனும் ஏற்பது முறை. நீண்ட தாழ்ந்த அழுத்தக் கம்பிகள் உள்ள இடங்களில் 11 கிலோவோல்ட் கம்பியைக் கிணறுகளின் அருகே கொண்டு சென்று, சிறு டிரான்ஸ்பார்மர்களை வைக்கும் முறையை வாரியம் விரைவில் விரிவாக்கவேண்டும். அதே சக்தியை 415 வோல்ட்டில் அனுப்புவதைவிட 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் ஏறக்குறைய இருபத்தாறில் ஒரு பங்கே ஆகும். கம்பியிற் சேதமும் அதற்கேற்பக் குறையும்.

எச்சரிக்கையாக ஒன்று கூறவேண்டும். கண்டென்சரைப் பொருத்துவதும் கழற்றுவதும் தகுதி பெற்ற மின்தொழிலாளி செய்யவேண்டிய வேலை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தேங்கியிருந்து உயிருக்கு ஆபத்து விளைக்கும். நல்லதாயிற்றே என்று அளவுக்கு மிஞ்சிய கண்டென்சரைப் பொருத்துதலும் கூடாது. பாரமில்லாத வேளையில் அழுத்தத்தை மிகையாக உயர்த்தி மோட்டாரைக் கெடுத்துவிடும். அவ்வாறே, அழுத்தம் தாழ்ந்துவிட்டதென்று ஸ்டார்ட்டரின் காவற்சுருளைக் கட்டிவைத்து மோட்டாரை ஓட்டுதல், மோட்டாரைத் தானே எரியூட்டுவதற்கு ஒப்பாகும்.

மின்சாரம் தட்டுப்பாடில்லாமல் வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்பது விவசாயிகளின் உரிமை. கோபுரத்திற்கு நிலம் கேட்கும்போது கணக்குக் கேட்பதும் அவர்கள் உரிமை. இவ்விரண்டையும் வலிமையுடன் கேட்பதற்கு, தம் கிணற்றுமேட்டில் தம் பங்கை முடித்துக்கொண்டவர்களே தகுந்தவர்கள். வாய்க்காலைத் தூர் வாரிய பின் தண்ணீர் வராவிடில், குறை மேலே இருக்கிறது என்று எவரும் துணிந்து கூறலாம். வாராமலே கூறுவோரின் சொல் சபையில் ஏறாது. வருகிற கோடைக்கு முன்னரே ஒவ்வொரு கிராமமும் தன் டிரான்ஸ்பார்மர் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு இவ்வேலையைத் தொடங்குமாயின், கடைமடைக் கிணற்றில் மோட்டார் உறுமாமல் ஓடும் நாள் தூரத்தில் இல்லை.